வெந்நீர்க் கருவி: தொட்டி வேண்டுமா, வேண்டாமா?

மார்கழி, தை மாதங்களில் பொழுது விடியுமுன் எழுந்து பள்ளிக்குப் புறப்படும் மாணவர்களுக்கு வெந்நீரின் அருமை தெரியும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒரு காலத்தில் வெந்நீர் போடுவது என்றால் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டுவதுதான். பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும் முந்திரி விறகும் எரிய, கரி படிந்த அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். சற்று வசதியான வீடுகளில் செப்புப் பாய்லர் இருந்தது. அதன் நடுவே நெருப்புக்கான குழல், அதைச் சுற்றித் தண்ணீர், பக்கத்தில் ஒரு குழாய்.

இன்று அந்த இடத்தை மின்சார வெந்நீர்க் கருவி பிடித்துக்கொண்டது. கடைக்குப் போனால், “ஸ்டோரேஜ் கீசர் வேண்டுமா, இன்ஸ்டன்ட் கீசர் வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். முன்னது தொட்டி உள்ளது. பின்னது தொட்டி இல்லாதது, அல்லது மிகச் சிறிய தொட்டி உள்ளது. விலையையும் அழகையும் பார்த்து வாங்கிவிடுபவர்களே மிகுதி. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கடைக்காரரிடம் இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீரிலும், மின்கம்பியிலும், குளியலறை வாளியிலும் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பௌதிகம் தெரிந்த எவரும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

பெயர் வந்த கதை

ஐஸ்லாந்து நாட்டில் தரையிலிருந்து வெந்நீரைப் பீறிட்டு அடிக்கும் ஊற்று ஒன்று உண்டு. அதன் பெயர் கெய்சிர். 1868-ஆம் ஆண்டு லண்டன் நகரில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், எரிவாயுச் சுடரால் ஓடும் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதற்குக் ‘கீசர்’ என்று பெயரிட்டார். ஆகவே முதல் கீசர் வெந்நீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி இல்லாத வகையைச் சேர்ந்தது! ஆனால் எரிந்த வாயு வெளியேறப் புகைபோக்கி இல்லாததால் அது ஆபத்தான கருவியாகவும் இருந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வின் ரூட் என்ற பொறியாளர், 1889-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில், தானாக இயங்கும் தொட்டி வகைக் கருவியை உருவாக்கினார். இன்று கடையில் நாம் பார்க்கும் இரண்டு வகைகளும் நூறாண்டுக்கு மேல் பழமையானவை.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

தொட்டி வகையில் 6, 10, 15, 25 லிட்டர் எனப் பல அளவுகள் உண்டு. உள்ளே ஒரு மின்தடைச் சுருள் இருக்கும். பெரும்பாலும் 2 கிலோவாட் திறன் கொண்டது. வெளித்தொட்டிக்கும் உள்தொட்டிக்கும் இடையே வெப்பம் கடத்தாத நுரைப் பொருள் அடைத்திருப்பார்கள். தண்ணீர் குறிப்பிட்ட வெப்பநிலையை அடைந்ததும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். தண்ணீர் ஆறினால் மீண்டும் இணைக்கும்.

உடனடி வகையில் தண்ணீர் சுருளைத் தொட்டுக்கொண்டே ஓடிச் சூடாகி வெளியே வருகிறது. நம் நாட்டில் ‘இன்ஸ்டன்ட்’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, 1 அல்லது 3 லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியும் 3 கிலோவாட் சுருளும் கொண்டவை. இவை முழுக்கத் தொட்டி இல்லாதவை அல்ல என்றாலும், அந்தச் சிறு கொள்ளளவு விரைவில் தீர்ந்துவிடுவதால், ஓடும் நீரைச் சூடாக்கும் கருவியாகவே இவற்றைக் கருதலாம்.

ஒரு வாளிக்கு எவ்வளவு வெப்பம்?

ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். இதுவே தண்ணீரின் தன்வெப்பம். நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களில் இவ்வளவு பெரிய தன்வெப்பம் உடையது வேறொன்றும் இல்லை எனலாம். வெந்நீர் போடுவது செலவு பிடித்த வேலையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

குளிக்க இதமான வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி. நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து புதிதாக வரும் தண்ணீரின் வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி. நிலத்தடி நீர், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும்; குளிர்காலத்திலும் அது அதிகம் மாறாது. ஆகவே நாம் உயர்த்த வேண்டியது 12 டிகிரி மட்டுமே. 15 லிட்டர் வாளி ஒன்றுக்கு:

15 × 4.2 × 12 = 756 கிலோ ஜூல்.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோ ஜூல். எனவே ஒரு வாளிக்கு 0.21 யூனிட். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் நாள்தோறும் 100 லிட்டர் என்று கொண்டால் 1.4 யூனிட் ஆகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கில் தொட்டி என்ற சொல்லே வரவில்லை. தொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மின்தடைச் சுருளைக் கொண்டு சூடாக்கும் எந்தக் கருவியும் இந்த 1.4 யூனிட்டுக்குக் குறைவாக வேலையை முடிக்க முடியாது. “இந்தக் கருவி பாதி மின்சாரத்தில் அதே வெந்நீர் தரும்” என்று யாராவது சொன்னால், ஆற்றல் அழிவின்மை விதியை அவருக்கு நினைவூட்டுங்கள். இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு வேறிடங்களில் இருக்கிறது.

28 டிகிரி செய்யும் உதவி

மேலைநாட்டு நூல்களிலும் விளம்பரங்களிலும், தொட்டியில்லாக் கருவிக்குத் தடித்த மின்கம்பியும் தனி மின் இணைப்பும் வேண்டும் என்று படிக்கிறோம். அங்கே அது உண்மைதான். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் குழாய் நீர் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். அங்குள்ளவர்கள் வாளியில் மொண்டு குளிப்பதில்லை. ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் போல ஓடவிட்டுக் குளிக்கிறார்கள். 9 லிட்டர் நீரை ஒரு நிமிடத்தில் 5 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 1,323 கிலோ ஜூல் வேண்டும். அதை 60 விநாடியால் வகுத்தால் 22 கிலோவாட். நம் வீட்டு 230 வோல்ட் இணைப்பில் இதற்கு 96 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும்!

நம் ஊரில் நிலைமை வேறு. 3 கிலோவாட் கருவி, நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டத்தில், வெப்பநிலையை 14 டிகிரி உயர்த்தும். 28-ல் புகுந்த நீர் 42-ல் வெளிவரும். அதே கருவியைக் குளிர்நாட்டில் மாட்டினால் 5-ல் புகுந்த நீர் 19 டிகிரியில் வரும். அதில் யாரும் குளிக்கமாட்டார்கள். ஆகவே அங்கே உதவாத சிறு கருவி இங்கே நன்றாகவே உதவுகிறது. 15 லிட்டர் வாளி நிரம்ப 5 நிமிடம். தேவைப்படும் மின்னோட்டம் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் போதும்.

ஆனால் ஓட்டத்தைக் கூட்டினால் சூடு குறையும். அதே கருவியில் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடவிட்டால் 35 டிகிரிதான் கிடைக்கும். “இன்ஸ்டன்ட் கீசர் சரியாகச் சுடவில்லை” என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், குழாயைச் சற்று மூடிப் பார்த்தால் குறை தீர்ந்துவிடும். மேல்நிலைத் தொட்டியில் இரவெல்லாம் பனியில் கிடந்த நீர் 24 டிகிரிக்கு ஆறியிருந்தால், வெளிவரும் நீரும் அதே 4 டிகிரி குறைந்தே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொட்டி வகை இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது. 15 லிட்டர் நீரை 28-லிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 2,016 கிலோ ஜூல் வேண்டும். 2 கிலோவாட் சுருளுக்கு இது ஏறத்தாழ 17 நிமிட வேலை. இந்த 60 டிகிரி நீருடன் பச்சைத் தண்ணீரைக் கலந்து 40 டிகிரி ஆக்கினால் 40 லிட்டர் கிடைக்கும். அதாவது 15 லிட்டர் தொட்டி, இரண்டு பேருக்கு ஒரே மூச்சில் வெந்நீர் கொடுத்துவிடும். மூன்றாமவர் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

மின்னழுத்தம் இறங்கினால்

மின்மாற்றியிலிருந்து வெகு தொலைவில் உள்ள வீடுகளில், எல்லோரும் பம்புசெட்டையும் மற்ற கருவிகளையும் ஓட்டும் நேரத்தில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்குவதுண்டு. 230-க்கு 180 என்றால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மின்தடைச் சுருளின் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 180-ஐ 230-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.61. எனவே 3 கிலோவாட் கருவி 1.84 கிலோவாட் மட்டுமே தரும்.

உடனடி வகையில் இதன் விளைவு உடனே தெரியும். 42 டிகிரியில் வந்த நீர் 37 டிகிரிக்கும் சற்றுக் கீழே போய்விடும். அதே சூடு வேண்டுமானால் ஓட்டத்தை நிமிடத்துக்கு 1.8 லிட்டராகக் குறைக்க வேண்டும். வாளி நிரம்ப 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். தொட்டி வகையிலோ சூடு குறையாது. நேரம் மட்டும் 17 நிமிடத்திலிருந்து 27 நிமிடமாக நீளும். சுவிட்சைப் பத்து நிமிடம் முன்னால் போட்டால் போதும். மின்வெட்டு வந்தாலும் சூடேறிய நீர் தொட்டியில் காத்திருக்கும். வெப்பத்தைச் சேமித்துவைக்கும் வசதி இதுதான்.

சேமித்ததில் கசிவது எவ்வளவு?

சேமிப்புக்கு ஒரு விலை உண்டு. எவ்வளவு நல்ல நுரை உறை இருந்தாலும் வெப்பம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். 15 லிட்டர் தொட்டி ஒன்று எட்டு மணி நேரத்தில் 10 டிகிரி ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இழப்பு 630 கிலோ ஜூல்; அதாவது 0.175 யூனிட். சுவிட்சை நாள் முழுதும் அணைக்காமல் விட்டால், தெர்மோஸ்டாட் இந்த இழப்பை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்தில் அரை யூனிட்டுக்கு மேல் போய்விடும். ஒரு மாதத்தில் ஏறத்தாழ 16 யூனிட், யாரும் குளிக்காமலே செலவாகிறது! யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் அடுக்குமுறைக் கட்டணத்தில் இது சிறிய தொகை அல்ல.

இதற்கு மருந்து எளிது. குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் தொட்டி வகைக்கும் உடனடி வகைக்கும் மின்செலவில் உள்ள வேறுபாடு மிகச் சிறிதாகிவிடும்.

குழாயிலும் வெப்பம் வீணாகும். கருவியை மாடியில் மாட்டி, 10 மீட்டர் நீளமுள்ள, 15 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாய் வழியாகக் கீழே கொண்டுவந்தால், அக்குழாயில் மட்டும் 1.8 லிட்டர் நீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்த நீர் ஆறி வீணாகும். கருவி எந்த வகையானாலும் குழாய்க்கு அருகில் இருக்கட்டும்.

கடல் தந்த சுண்ணாம்பு

இப்போது நம் மாவட்டங்களுக்கே உரிய செய்திக்கு வருவோம். கிரிட்டேசியஸ் எனப்படும் காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய அரியலூர்ப் பகுதியும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் கடலுக்கடியில் இருந்தன. அந்தக் கடலில் வாழ்ந்த நத்தைகள், சிப்பிகள் முதலியவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன பெருமரமும் அக்காலத்ததே. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் அமைந்ததும் இந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. இந்த மெல்லிய அமில நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. இதுவே தற்காலிகக் கடினத்தன்மை. தண்ணீரைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் மீண்டும் கல்லாகப் படிகிறது. பத்துக் கோடி ஆண்டுப் பழமையான கடல் ஓட்டின் சுண்ணாம்பு, உங்கள் கீசரின் சுருள்மேல் மறுபடியும் கல்லாகிறது!

காரைப் பகுதியின் களிமண் மேடுகளில் ஜிப்சம் இழைகளும் உண்டு. அவற்றிலிருந்து கரையும் கால்சியம் சல்பேட் தருவது நிரந்தரக் கடினத்தன்மை. கொதிக்கவைப்பதால் அது நீங்காது. பெரம்பலூரின் மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் உள்ளவை பெரும்பாலும் கடினப் பாறைகள். அங்கே சுண்ணாம்புப் படுகை கிடையாது. கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளும் இருக்கின்றன. ஆகவே ஒரே மாவட்டத்தில் ஊருக்கு ஊர், ஏன், கிணற்றுக்குக் கிணறு தண்ணீரின் குணம் மாறும்.

எவ்வளவு படியும்? ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். எனவே 300 என்பது பெரிய எண் அல்ல. நம் ஐந்து பேர் வீட்டில் 100 லிட்டர் குளியல் நீருக்காக, தொட்டி வகையில் நாள்தோறும் சுமார் 37 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகிறது. அதில் 11 கிராம் சுண்ணாம்பு இருக்கும். பத்தில் ஒரு பங்கு மட்டும் படிந்தாலும் ஓர் ஆண்டில் 400 கிராம்!

படிவதால் என்ன கெடுதல்? “மின்சாரம் இரட்டிப்பாகச் செலவாகும்” என்று பலர் சொல்வார்கள். மின்சாரக் கருவியைப் பொறுத்தவரை இது சரியன்று. சுருள் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், அதில் பிறக்கும் வெப்பம் வேறெங்கும் போக வழியில்லை. கடைசியில் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். உண்மையான கெடுதல் சுருளுக்கு. செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400 என்றால், சுண்ணாம்புப் படிவின் கடத்துதிறன் சுமார் 2. வெப்பத்தை வெளியே தள்ளச் சுருள் தன்னை மேலும் சூடாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள 2 கிலோவாட் சுருள்மேல் 1 மில்லிமீட்டர் படிவு இருந்தால், சுருளின் மேற்பரப்பு 60 டிகிரி கூடுதலாகச் சூடாகும். 3 மில்லிமீட்டர் படிவானால் ஏறத்தாழ 150 டிகிரி கூடும். நாளடைவில் உறை வெடித்து, சுருள் எரிந்துபோகும். அப்போது மின்சாரம் தண்ணீரில் கசியவும் கூடும்.

உடனடி வகையில் இந்தத் தொல்லை வேறு உருவம் எடுக்கிறது. நீர் 42 டிகிரிக்கு மேல் போவதில்லை என்பதால் லிட்டருக்குப் படியும் சுண்ணாம்பு குறைவுதான். ஆனால் குளிக்கும் நீர் முழுவதும் அதன் வழியாகவே ஓடியாக வேண்டும். சிறிய இடத்தில் பெரிய திறன் அடைபட்டிருப்பதால் சுருளின் மேற்பரப்பு மிகவும் சூடானது. 200 கன சென்டிமீட்டர் படிவு 15 லிட்டர் தொட்டியின் அடியில் தேங்கினால், அது கொள்ளளவில் 75-ல் ஒரு பங்கு; 3 லிட்டர் தொட்டியில் 15-ல் ஒரு பங்கு. குறுகிய வழிகளும் அடைபடும். சுண்ணாம்பு மிகுந்த நீருக்கு, திறந்து சுத்தம் செய்ய வசதியுள்ள தொட்டி வகையே தாங்கும்.

சுத்தம் செய்வதை ஆண்டுக்கு ஒரு முறையாவது மின்பணியாளரைக் கொண்டு செய்ய வேண்டும். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலக் கரைசல் படிவைக் கரைக்கும். பல தொட்டிகளில் மக்னீசியத் தண்டு ஒன்றும் இருக்கும். அது தான் அரிக்கப்பட்டு, இரும்புத் தொட்டியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பு நீரில் அது விரைவில் தேயும். தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

வெப்பநிலையை 70, 75 என்று வைத்தால் படிவு அதிகமாகும். மிகக் குறைத்து 40-ல் வைத்து நாட்கணக்கில் தேக்கினால் லெஜியனெல்லா என்ற நோய்க்கிருமி வளரலாம். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பரவிய நிமோனியாக் காய்ச்சலை ஆராய்ந்தபோதுதான் இக்கிருமி அடையாளம் காணப்பட்டது. ஆகவே 60 டிகிரி நடுநிலையான அளவு.

உயிர் காக்கும் குறிப்புகள்

1. எர்த் இணைப்பு இல்லாமல் எந்த வெந்நீர்க் கருவியையும் இயக்கக் கூடாது. உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் வேண்டும். வாளியில் போடும் ஹீட்டர் தண்டைப் பயன்படுத்துவோர், சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

2. 13 ஆம்பியர் ஓடும் இடத்தில் தளர்ந்த பிளக்கின் தொடுமின்தடை 1 ஓம் ஆனால்கூட, அங்கே 169 வாட் வெப்பம் பிறக்கும். பிளக் உருகிக் கருகுவது இதனால்தான். சிறிய 5 ஆம்பியர் பிளக்கில் கீசரைச் செருகவே கூடாது.

3. 15 லிட்டர் நீர் 28-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் விரிவடைகிறது. அது வெளியேற வழி இல்லாவிட்டால் தொட்டிக்குள் அழுத்தம் பயங்கரமாக உயரும். பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டும் நீரைப் பார்த்து, “ஒழுகுகிறது” என்று அதை அடைத்துவிடாதீர்கள்.

4. எரிவாயுக் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, வாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். கதவைத் தாழிட்டுக் குளிக்கச் சென்றவர் மயங்கி விழுந்து இறந்துபோன நிகழ்ச்சிகள் நம் நாட்டில் பல. மாகனின் காலத்திலிருந்து தொடரும் ஆபத்து இது.

முடிவாக எதை வாங்கலாம்?

ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள வீடு. ஆளுக்கு ஒரு வாளி. ஆற்று நீர் அல்லது சுண்ணாம்பு குறைந்த நீர். மின்னழுத்தம் நிலையாக உள்ளது. இத்தகைய வீட்டுக்கு 3 கிலோவாட் உடனடிக் கருவி ஏற்றது. இடம் அடைக்காது; விலையும் குறைவு; காத்திருக்கவும் வேண்டாம்.

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படும் வீடு. ஆழ்துளைக் கிணற்றின் சுண்ணாம்பு நீர். மின்னழுத்தம் இறங்கும் தெரு. இங்கே 25 லிட்டர் தொட்டி வகை நல்லது. ஒரு முறை சூடாக்கினால் 40 டிகிரி நீர் 66 லிட்டர் கிடைக்கும். சுண்ணாம்புப் படுகைமேல் அமைந்த நம் ஊர்களில் பல வீடுகள் இந்த வகையில்தான் வரும்.

ஓட்டு மொத்தமும் மேல்நிலைத் தொட்டியை நம்பியிருக்கும் ஒற்றைமாடி வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 2 மீட்டர் மட்டுமே மேலே இருந்தால், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஓட்டத்தை உணர்ந்து தானே இயங்கும் சில உடனடிக் கருவிகள் அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இயங்கா. வாங்குமுன் கருவியின் குறிப்பேட்டில் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள்.

மொட்டை மாடியில் வெயில் படும் இடம் இருந்தால் சூரிய வெந்நீர்க் கருவியையும் எண்ணிப் பாருங்கள். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கையில், அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை மீண்டும் வெப்பமாக்கித் தண்ணீர் சுடவைப்பது சுற்றுவழி. 40 டிகிரி நீருக்குச் சூரியனே போதும். சுண்ணாம்பு நீர் உள்ள ஊர்களில், குறுகிய செப்புக் குழாய்கள் கொண்ட தட்டை வகையைவிட வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை அடைப்புக்கு எளிதில் ஆளாகாது.

செய்து பாருங்கள்

1. மழைநீர், குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றை மூன்று ஒரே மாதிரிச் சீசாக்களில் சம அளவு எடுங்கள். ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நிலையான நுரை வர எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். சொட்டு அதிகமானால் கடினத்தன்மை அதிகம். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டி மீண்டும் சோதியுங்கள். குறைந்த சொட்டுகள்தான் தற்காலிகக் கடினத்தன்மையின் பங்கு.

2. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். ஒரு நத்தை ஓட்டுத் துண்டையும் சுண்ணாம்புக் கல் துண்டையும் அவ்வாறே செய்யுங்கள். மூன்றிலிருந்தும் எழும் குமிழிகள் ஒரே வாயு: கார்பன் டை ஆக்சைடு.

3. விடியற்காலையில் குழாய் நீரின் வெப்பநிலையையும், ஒரு வாளி நிரம்ப ஆகும் நேரத்தையும் அளந்து குறியுங்கள். வீட்டில் கீசர் வாங்கப் பேச்சு எழும்போது இந்த இரண்டு எண்களையும் சோப்புச் சோதனையின் முடிவையும் பெற்றோரிடம் காட்டுங்கள்.

கணக்கு: 25 லிட்டர் நீரை 2 கிலோவாட் சுருள் 28-லிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால், 230 வோல்ட்டில் 3 கிலோவாட் தரும் கருவி எவ்வளவு திறன் தரும்?

விடை: 28 நிமிடம், 2.27 கிலோவாட்.